வட்டி வேண்டாதவர் பணம்

பாங்கியில் பணம் போட்டிருப்பவர்களிடம் சிறிது பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலோர் சொல்லும் குறை ஒன்றுதான்: "வட்டி போதவில்லை." விலைவாசி ஏறுகிற வேகத்துக்கு வட்டி ஏறுவதில்லை என்பது அவர்களுடைய வருத்தம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் இதே தேசத்தில், "எங்களுக்கு வட்டியே வேண்டாம்; பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், தொழிலில் போட்டு லாபம் வந்தால் பங்கு கொடுங்கள்" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அதிக வட்டி கேட்கிறவருக்குச் சமாதானம் சொல்வது பாங்கிக்காரருக்குப் பழகிப்போன காரியம். வட்டியே வேண்டாமென்கிறவரிடம் என்ன சொல்வது என்றுதான் அவருக்குத் தெரிவதில்லை. சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறார். அதுவும் அவருக்குக் கை கொடுப்பதில்லை.

இப்படிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் நம் முஸ்லிம் சகோதரர்கள். அவர்கள் விரும்பும் பாங்கி முறைக்கு 'இஸ்லாமிய பாங்கி' என்று உலகில் பெயர் வழங்குகிறது. மதச் சார்பில்லாத ராஜ்யத்தில் இதற்கு இடம் உண்டா என்ற கேள்வி நம் நாட்டில் பல வருஷங்களாக அடிபட்டு வருகிறது. "மதத்துக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். "மதச் சுதந்திரம் தந்த ராஜ்யம் எங்கள் சேமிப்பை மட்டும் ஏன் தள்ளி வைக்கிறது?" என்று மற்றொரு சாரார் கேட்கிறார்கள். இரண்டு கேள்விகளையும் கோபதாபமின்றிச் சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

வட்டியும் மனச்சாட்சியும்

இஸ்லாமிய மார்க்கத்தில் 'ரிபா' விலக்கப்பட்டது. கடனாகக் கொடுத்த தொகைக்கு மேல், காலம் கழிந்தது என்ற ஒரே காரணத்துக்காக, முன்கூட்டியே நிச்சயித்துக்கொண்டு வாங்கும் அதிகத் தொகை 'ரிபா' ஆகும் என்பது மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் கொள்கை. வியாபார லாபத்தை அம்மார்க்கம் தடுக்கவில்லை. லாபத்தில் பங்கு வேண்டுமானால் நஷ்டத்திலும் பங்கு ஏற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

பாங்கி வட்டி முழுவதும் 'ரிபா'தானா என்பதில் முஸ்லிம் அறிஞர்களிடையேயே ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. எகிப்து தேசத்தின் தலைமை முப்தியாக இருந்த முகம்மது ஸையித் தந்தாவி, அரசாங்கச் சேமிப்புப் பத்திரங்களின் வருமானம் கூடியதே என்று 1989-இல் தீர்ப்பளித்தார். அதை எதிர்த்தவர்களும் அநேகர். நம் ஊர்களிலும் பாங்கி வட்டியை வாங்கிக்கொள்ளும் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. கணக்கில் சேர்ந்த வட்டியைத் தாம் தொடாமல் ஏழைகளுக்குக் கொடுத்து விடுகிறவர்களும் உண்டு. ஆகவே, ஒரு சமூகம் முழுவதும் ஒரே குரலில் கேட்கிறது என்று நினைப்பது தவறு. அப்படிக் கேட்கிறவர்களை அலட்சியம் செய்வதும் தவறுதான்.

வட்டியைக் குறித்து மனச் சங்கடம் கொண்டவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்ல. ஐரோப்பாவில் கிறிஸ்தவ சபை பல நூற்றாண்டுகள் வட்டியைப் பாவமென்று விலக்கி வைத்திருந்தது. ஹிந்து தர்ம சாஸ்திரத்தில் 'தாம்துபத்' என்றொரு விதி உண்டு. ஒரே சமயத்தில் வசூலிக்கும் வட்டி அசலுக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் சாரம். பம்பாய் மாகாணத்துக் கோர்ட்டுகள் அதை அனுசரித்து வந்தன. நம் சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் மந்திரிசபை 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டு வந்து, 1937 அக்டோபர் 1-ஆம் தேதி வரை சேர்ந்திருந்த வட்டிப் பாக்கியைத் தள்ளிவிட்டது. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டிவிட்ட விவசாயியின் கடன் அடியோடு தீர்ந்ததாகவும் விதித்தது. 2003-இல் தமிழ் நாட்டுச் சட்டசபை கந்து வட்டியைத் தடுத்துச் சட்டம் செய்தது. இவை எதுவும் மதத்துக்காகச் செய்தவை அல்ல. கடன்பட்டவனுடைய நிலையை எண்ணிச் செய்தவை. வட்டி விஷயத்தில் ராஜ்யம் தலையிடுவது நமக்குப் புதிதல்ல என்பதற்காகவே இவற்றைச் சொன்னோம்.

வட்டி இல்லாமல் பாங்கி எப்படிப் பிழைக்கும்?

நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்தில் தனி வட்டி, கூட்டு வட்டி என்று பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டி வரும் நமக்கும், வட்டி இல்லாத பாங்கி என்றவுடன் அது தர்ம ஸ்தாபனம் போலும் என்றே முதலில் தோன்றுகிறது. விஷயம் அப்படியல்ல. அந்தப் பாங்கியும் லாபத்துக்காக நடப்பதுதான். லாபம் வரும் வழி மட்டும் வேறு.

தையல் தொழிலாளி ஒருவருக்கு 1,00,000 ரூபாய் விலையுள்ள யந்திரம் வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரணப் பாங்கி அவருக்குப் பணத்தைக் கடன் கொடுத்து வட்டி வாங்கும். இஸ்லாமிய பாங்கி யந்திரத்தைத் தானே விலைக்கு வாங்கி, "எனக்கு அடக்கம் 1,00,000, என் லாபம் 10,000" என்று வெளிப்படையாகச் சொல்லி, அவருக்கு 1,10,000 ரூபாய்க்கு விற்கும். மாதம் 11,000 வீதம் பத்து மாதத்தில் அவர் கட்டலாம். இதற்கு 'முராபஹா' என்று பெயர். தவணை தவறினால் விலை ஏறாது. 1,10,000 என்றால் 1,10,000தான். வேண்டுமென்றே தாமதிப்பவரிடம் அபராதம் வாங்கினாலும் அதைப் பாங்கி தன் லாபத்தில் சேர்க்காமல் தருமத்துக்குக் கொடுத்துவிடுவது வழக்கம்.

வீடு வாங்குவதானால் வேறு முறை. வீட்டின் விலை 40 லட்சம் என்போம். குடும்பத்தார் 8 லட்சமும் பாங்கி 32 லட்சமும் போட்டுக் கூட்டாக வாங்குகிறார்கள். ஐந்தில் நான்கு பங்கு பாங்கியினுடையது. அந்தப் பங்குக்குக் குடும்பத்தார் வாடகை கொடுக்கிறார்கள். வருஷந்தோறும் பாங்கியின் பங்கில் ஒரு பகுதியை விலைக்கு வாங்கி வருகிறார்கள். பங்கு குறையக் குறைய வாடகையும் குறைந்து, கடைசியில் வீடு முழுவதும் அவர்களுடையதாகிறது. கூட்டு வியாபாரத்துக்கு 'முஷாரகா' என்றும், வாடகைக்கு விடுவதற்கு 'இஜாரா' என்றும், ஒருவர் முதலும் மற்றொருவர் உழைப்பும் போட்டு லாபத்தைப் பங்கிடுவதற்கு 'முதாரபா' என்றும் பெயர். பணம் போடுகிறவர்களுக்கும் பாங்கிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் இந்த 'முதாரபா' வகைதான். சூதாட்டம், மது போன்ற தொழில்களில் பணத்தைப் போடுவதில்லை என்பது பொது விதி.

"இது வட்டிக்கு வேறு பெயர் சூட்டுவதுதானே?" என்று வாசகர்கள் கேட்கலாம். அதிலும் பாதி உண்மை இருக்கிறது. பிரிட்டிஷ் சர்க்கார் 2014-இல் 20 கோடி பவுனுக்கு 'ஸுகூக்' என்ற வட்டியில்லாப் பத்திரம் வெளியிட்டார்கள். மூன்று சர்க்கார் கட்டடங்களின் வாடகைதான் அதற்கு ஆதாரம். அதன் வருமானம் நூற்றுக்கு 2.036 வீதம். அதே கால அளவுள்ள சாதாரண வட்டிப் பத்திரத்துக்குச் சந்தையில் இருந்த வருமானமும் அதுவே! பலன் ஒன்றானாலும் கட்டுமானம் வேறு. யந்திரத்தை வாங்கி விற்கும் பாங்கி, கைமாறும் வரையில் அதன் நஷ்ட பயத்தைத் தானே தாங்க வேண்டும். கடன் கொடுக்கும் பாங்கிக்கு அந்தக் கவலை இல்லை. வித்தியாசம் சிறியதா பெரியதா என்பதை, அதை நம்பிப் பணம் போடுகிறவர் தீர்மானிக்கட்டும். ராஜ்யம் அதைத் தீர்மானிக்க வேண்டியதில்லை.

சட்டம் எங்கே தடுக்கிறது?

நம் பாங்கிகளை ஆளும் சட்டம் 1949-இல் பிறந்தது. அதன் 5-வது பிரிவு, பாங்கித் தொழில் என்பது பொதுமக்களிடம் திருப்பிக் கொடுக்கத் தக்க டிபாசிட்டு வாங்கிக் கடன் கொடுப்பதும் முதலீடு செய்வதும் என்று சொல்கிறது. நஷ்டம் வந்தால் டிபாசிட்டில் குறையும் என்று எழுதி வாங்க அதில் வழியில்லை. 8-வது பிரிவின்படி பாங்கி நேராகவோ மறைமுகமாகவோ சரக்கு வாங்கி விற்கக் கூடாது. நமது தையல் யந்திரத்தின் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. 9-வது பிரிவு, தன் சொந்த உபயோகத்துக்கு அல்லாத வீடு, நிலம் முதலியவற்றை ஏழு வருஷங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. இருபது வருஷத் தவணையில் வீட்டுக் கூட்டு வியாபாரம் எப்படிச் செய்வது?

முத்திரைத் தீர்வை வேறு இருக்கிறது. பாங்கி முதலில் வீட்டை வாங்கிப் பிறகு குடும்பத்தாருக்கு விற்றால் இரண்டு கிரயம் ஆகிறது. நூற்றுக்கு 7 வீதம் என்று கணக்கிட்டால், 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு ஒரு தடவை 2,80,000. இரு தடவை 5,60,000. மனச்சாட்சிக்காக ஒருவர் கொடுக்க வேண்டிய அபராதம் போல் இது ஆகிவிடுகிறது. இன்னும், ஒவ்வொரு பாங்கியும் தன் டிபாசிட்டில் ஒரு பகுதியை ரொக்கமாகவோ தங்கமாகவோ சர்க்கார் பத்திரமாகவோ வைத்திருக்க வேண்டும். சர்க்கார் பத்திரம் வட்டி தருவது. ரொக்கமும் தங்கமும் வருமானம் தராதவை. இதில் வேடிக்கை என்னவென்றால், பாங்கிகள் ரிஸர்வ் பாங்கியிடம் கட்டாயமாக வைக்க வேண்டிய ரொக்க இருப்புக்கு 2007 முதல் ரிஸர்வ் பாங்கி வட்டி கொடுப்பதில்லை. வட்டியில்லாக் கணக்கு என்பது நம் மத்தியப் பாங்கிக்கே தெரியாத வித்தையல்ல!

ஆனால் இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யாருடைய மதத்தையும் நினைத்து எழுதவில்லை. 1906-இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி மூழ்கியபோது எத்தனை குடும்பங்கள் கண்ணீர் விட்டன! 1938-இல் திருவிதாங்கூர் நாஷனல் அண்டு குயிலான் பாங்கி மூடியபோது தென்னிந்தியா முழுவதும் கலங்கிற்று. பிறர் பணத்தைக் கொண்டு பாங்கிக்காரர் வியாபாரச் சூதாடக் கூடாது என்ற அநுபவ பாடமே 8-வது பிரிவுக்கு உயிர். அந்தப் பாடத்தை மறந்துவிட்டு யாருக்கும் கதவைத் திறக்க முடியாது. வட்டியில்லாப் பாங்கி கேட்கிறவர்களும் இதை மறக்கக் கூடாது.

கமிட்டிகளின் கதை

ரிஸர்வ் பாங்கி இந்த விஷயத்தை ஆராய 2005-இல் ஆனந்த் ஸின்ஹா தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. இருக்கும் சட்டங்களின் கீழ் இது இயலாது என்பதே அதன் முடிவு. 2008-இல் ரகுராம் ராஜன் தலைமையில் நடந்த நிதித்துறைச் சீர்திருத்தக் கமிட்டி வேறு கோணத்தில் பார்த்தது. மத நம்பிக்கை காரணமாகச் சிலர் பாங்கியின் பக்கமே வராதிருப்பதால், வட்டியில்லாப் பாங்கி முறைக்கு வழி காண வேண்டுமென்று அது சிபார்சு செய்தது. 2015-இல் தீபக் மொஹந்தி கமிட்டி, சாதாரணப் பாங்கிகளிலேயே வட்டியில்லாப் பிரிவு ஒன்றைத் திறக்கலாம் என்றது. 2017-இல், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த கேள்விக்கு ரிஸர்வ் பாங்கி பதில் கொடுத்தது. பாங்கி வசதிகள் எல்லாப் பிரஜைகளுக்கும் விரிவாகவும் சமமாகவும் கிடைப்பதால் இந்த யோசனையை மேற்கொண்டு நடத்துவதில்லை என்று முடிவு செய்ததாகத் தெரிவித்தது.

சமமாகக் கிடைக்கிறது என்பது ஒரு பொருளில் உண்மைதான். பாங்கியின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் சைவ உணவு உண்பவருக்கு மாமிச விருந்தில் இடம் போட்டுவிட்டு, "எல்லாருக்கும் ஒரே பந்திதான்" என்று சொன்னால் அவர் பசி தீருமா?

இதற்கிடையில் கேரளத்தில் ஒரு வழக்கு நடந்தது. அல்-பரக்கா என்ற நிதிக் கம்பெனியில் கேரள ராஜ்யத்தின் தொழில் அபிவிருத்திக் கார்ப்பொரேஷன் நூற்றுக்கு 11 பங்கு எடுத்துக்கொள்ள முன்வந்தது. மதச் சார்பற்ற ராஜ்யம் மதச் சட்டப்படி நடக்கும் கம்பெனியில் பங்காளியாகலாமா என்று கேட்டு டாக்டர் சுப்பிரமணியம் ஸ்வாமி முதலியோர் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். 2011 பிப்ரவரியில் ஹைகோர்ட்டு அந்த மனுக்களைத் தள்ளிவிட்டது. சர்க்கார் பங்கு எடுப்பது அவசியமா என்பதில் நமக்குச் சந்தேகம் உண்டு. அதைப் பிறகு சொல்வோம். வியாபார முறை ஒன்று மதக் கொள்கையிலிருந்து பிறந்தது என்பதனாலேயே அது சட்ட விரோதமாகி விடாது என்பது மட்டும் இதனால் விளங்குகிறது.

பாங்கியில் கூடாதென்று சொல்வது பங்குச் சந்தையில் நடைபெற்றுக் கொண்டுதான் இருக்கிறது. மார்க்க விதிக்குப் பொருந்தும் ஐம்பது கம்பெனிகளின் குறியீட்டைப் பம்பாய்ப் பங்குச் சந்தை 2010-இல் தொடங்கியது. அதே விதியை அனுசரிக்கும் பரஸ்பர நிதிகள் அதற்கும் முன்பே வந்துவிட்டன. செபியின் மேற்பார்வையில் அவை நடக்கின்றன. அதனால் ராஜ்யத்தின் மதச் சார்பின்மை குலைந்துவிடவில்லை. பங்கு வாங்கத் துணிந்த பணக்காரருக்குக் கிடைக்கும் சௌகரியம், மாதம் ஐநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் கூலிக்காரருக்குக் கிடைக்கவில்லை என்பதே நிலைமை.

திறக்காத கதவின் பக்கத்தில்

கதவு மூடியிருந்தால் பணம் வீட்டிலேயே இருந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. அது வேறு வழி தேடும். நல்ல வழிகளும் இருக்கின்றன. நம் ஊர்கள் பலவற்றில் ஜமாஅத்தார் 'பைத்துல்மால்' வைத்து ஏழைகளுக்குக் கைம்மாற்றுக் கொடுத்து வருகிறார்கள். உத்தரப் பிரதேசத்து தேவ்பந்தில் 1961-இல் ஏற்பட்ட முஸ்லிம் பண்டு நகையின் பேரில் வட்டியில்லாக் கடன் கொடுத்து வந்தது. இவை பாராட்டத் தக்கவை. எனினும் தொழில் நடத்தவும் வீடு கட்டவும் வேண்டிய பெருந்தொகைக்கு இவை போதா.

கெட்ட வழி எத்தகையது என்பதை 2019 ஜூன் மாதத்தில் பெங்களூர் பார்த்தது. ஐ.எம்.ஏ. என்ற ஸ்தாபனம், வட்டியில்லை, மார்க்கத்துக்கு ஒத்த லாபம் என்று சொல்லிப் பல்லாயிரம் குடும்பங்களிடம் பணம் வாங்கியிருந்தது. பணம் போட்டவர்களை டிபாசிட்டுதாரர் என்று சொல்லாமல் 'பங்காளிகள்' என்று பதிந்துகொண்டது. லாப நஷ்டத்தில் பங்கு என்ற நல்ல தத்துவமே, மேற்பார்வையாளர் கண்ணில் படாதிருக்கத் திரையாகி விட்டது. தலைவர் தேசத்தை விட்டே ஓடினார். அடுத்த மாதம் டில்லி விமான நிலையத்தில் பிடிபட்டார். பெண்ணின் கல்யாணத்துக்கு என்று போட்டவர்கள், ஓய்வூதியத்தை மொத்தமாகப் போட்டவர்கள், நகையை விற்றுப் போட்ட விதவைகள் கடை வாசலில் வரிசையாக நின்று புகார் எழுதிக் கொடுத்தார்கள்.

மோசடிக்கு மதம் இல்லை. 2013-இல் மேற்கு வங்காளத்தில் சாரதா கம்பெனி கவிழ்ந்தபோது ஏமாந்தவர்களும் இப்படித்தான் அழுதார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சாரதாவில் பணம் போட்டவருக்குப் பக்கத்துத் தெருவில் ஒழுங்கான பாங்கி இருந்தது. அதிக லாபத்துக்கு ஆசைப்பட்டு அதைத் தாண்டிப் போனார். பெங்களூரில் ஏமாந்தவர்களிலும் அப்படி ஆசைப்பட்டவர்கள் உண்டுதான். ஆயினும் மனச்சாட்சிக்கு ஒத்த பத்திரமான இடம் வேறு எதுவும் இல்லாமையால் அங்கே போனவர்களும் இருந்தார்கள். பக்தியுள்ளவனுக்கு ஒழுங்கான கடை இல்லாத ஊரில், பக்தி வேஷம் போட்டவன் கடை நன்றாக நடக்கும்.

பிரிட்டனில் செய்தது என்ன?

பிரிட்டனில் ராஜாங்க மதம் கிறிஸ்தவம். பாங்கிச் சட்டமோ எந்த மதத்தையும் பாராதது. அங்கே 2004-இல் பர்மிங்ஹாமைத் தலைமை இடமாகக் கொண்டு இஸ்லாமிக் பாங்க் ஆப் பிரிட்டன் தொடங்கியது. இப்போது அதன் பெயர் அல் ரயான் பாங்கி. அதற்கு அநுமதி கொடுத்த மேற்பார்வையாளர்களின் கொள்கை மிகச் சுருக்கமானது: தடையும் இல்லை, சலுகையும் இல்லை. மற்றப் பாங்கிகளுக்கு வேண்டிய மூலதனம் இதற்கும் வேண்டும். மற்றவற்றுக்கு உள்ள தணிக்கை இதற்கும் உண்டு.

டிபாசிட்டு விஷயத்தில் நம் நாட்டில் உள்ள அதே சிக்கல் அங்கும் வந்தது. டிபாசிட்டு என்றால் முழுவதும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். நஷ்டத்திலும் பங்கு வேண்டும் என்பது மார்க்கம். இதற்குக் கண்ட வழி புத்திசாலித்தனமானது. முழுத் தொகையையும் திரும்பப் பெறும் உரிமை சட்டப்படி எல்லாருக்கும் உண்டு. நஷ்ட காலத்தில் மார்க்கத்துக்காக அந்த உரிமையை வேண்டாமென்று விடுகிறவர் விட்டுவிடலாம். உரிமையைச் சட்டம் கொடுத்தது. துறப்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டது.

இரட்டை முத்திரைத் தீர்வையை 2003-ஆம் வருஷத்து நிதிச் சட்டத்தில் நீக்கினார்கள். அந்தச் சட்டத்தில் மதத்தின் பெயர் எங்கும் இல்லை. 'மாற்றுச் சொத்து நிதி' என்று பொதுப் பெயர் கொடுத்து, அதில் சேர்வதற்கு ஒப்பந்தம் எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். யார் வேண்டுமானாலும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். வட்டிப் பத்திரம் வைக்க முடியாத பாங்கிகளுக்காக பாங்க் ஆப் இங்கிலாந்து 2021-இல் வட்டியில்லா டிபாசிட்டு ஏற்பாடு ஒன்றையும் தொடங்கியது.

மார்க்கச் சட்டத்தைக் கோர்ட்டு விளக்க வேண்டி வருமே என்ற பயத்துக்கும் அங்கே பதில் கிடைத்தது. பஹ்ரெய்ன் ஷாமில் பாங்கிக்கும் பெக்ஸிம்கோ கம்பெனிக்கும் நடந்த வழக்கில், 2004-இல் அப்பீல் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. ஓர் ஒப்பந்தத்தை ஆளும் சட்டம் ஒன்றாகத்தான் இருக்க முடியும்; அது இங்கிலீஷ் சட்டம்; கடன் வாங்கியவர் மார்க்க விதியைக் காட்டித் தப்ப முடியாது என்பது அதன் சாரம்.

அநுமதி கொடுத்துவிட்டால் எல்லாம் செழித்துவிடும் என்பதும் இல்லை. சிங்கப்பூரில் டி.பி.எஸ். பாங்கி 2007-இல் தொடங்கிய இஸ்லாமிக் பாங்க் ஆப் ஏஷியா, போதிய அளவு வளரவில்லையென்று 2015-இல் மெல்ல மூடப்படத் தொடங்கியது. நம் பக்கத்து இலங்கையில் 2005-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2011-இல் அமானா பாங்கி பிறந்து நடந்து வருகிறது. வியாபாரம் பிழைப்பதும் பிழைக்காததும் வியாபாரத்தின் சாமர்த்தியம். சட்டம் செய்ய வேண்டியது சம தரையை அமைத்துத் தருவதுதான்.

நமது அபிப்பிராயம்

நம் அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு மதச் சுதந்திரத்தைத் தருகிறது. அதே பிரிவு, மத ஒழுக்கத்தோடு சேர்ந்திருக்கும் பொருளாதார, நிதிக் காரியங்களை ராஜ்யம் ஒழுங்கு செய்யலாம் என்றும் சொல்கிறது. 27-வது பிரிவு, ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்று யாரிடமும் வரி வாங்கக் கூடாதென்கிறது. இம்மூன்றையும் சேர்த்துப் படித்தால் வழி தெளிவாகவே இருக்கிறது. வட்டியில்லா ஒப்பந்தத்தை ராஜ்யம் அநுமதிக்கலாம். கண்டிப்பாக ஒழுங்கு செய்யலாம். பொதுப் பணத்தைக் கொண்டு வளர்க்க வேண்டியதில்லை. ராஜ்யம் தானே பங்காளியாவதை நாம் விரும்பாததற்கும் இதுவே காரணம்.

பார்லிமெண்டு ஒரு நாள் இதைச் சட்டமாக்குமானால் அதில் சில நிபந்தனைகள் இருக்க வேண்டும். சட்டத்தில் மதத்தின் பெயர் வேண்டாம். ஒப்பந்தத்தின் லட்சணம் போதும். பணம் போடவும் வாங்கவும் எல்லாச் சமூகத்தாருக்கும் சம உரிமை வேண்டும். இது கூடியதா கூடாததா என்று சொல்லும் மார்க்க அறிஞர் குழு பாங்கியின் சொந்த ஏற்பாடாக இருக்கட்டும். ரிஸர்வ் பாங்கி அதில் முத்திரை குத்த வேண்டாம். வழக்கு வந்தால் தேசத்தின் சட்டமே ஆளட்டும். பாங்கி சரக்கு வாங்குவது, ஒரு குறிப்பிட்ட வாடிக்கைக்காரருக்கு விற்பதற்காக மட்டும் என்று 8-வது பிரிவில் குறுகிய விலக்கு வேண்டும். பரந்த விலக்குக் கொடுத்தால் அர்பத்நாட் திரும்பி வருவார். எல்லாவற்றுக்கும் மேலாக, நஷ்டத்தில் பங்கு உண்டானால் அதைப் பணம் போடுகிறவருடைய சொந்த பாஷையில், பெரிய எழுத்தில், கையெழுத்து வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இதனால் சமூகங்கள் தனித்தனிப் பாங்கிகளாகப் பிரிந்து போகும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அந்த அச்சத்தை நாம் இலேசாகத் தள்ளவில்லை. ஆனால் இப்போதும் பிரிவினை இருக்கத்தான் செய்கிறது. ஒரு பகுதி ஜனங்களின் சேமிப்பு தேசத்தின் பாங்கிக் கணக்குக்கு வெளியே, அலமாரியிலும் தெரியாத கம்பெனியிலும் கிடக்கிறது. அதை உள்ளே கொண்டு வந்து, எல்லாருக்கும் உள்ள அதே தணிக்கையின் கீழ் வைப்பது பிரிவினையா, ஒற்றுமையா என்று யோசிக்க வேண்டும். வட்டியில்லாப் பிரிவும் வட்டிப் பிரிவும் ஒரே கட்டடத்தில், ஒரே ரிஸர்வ் பாங்கியின் கண்பார்வையில் நடந்தால், தேசம் பிளந்துவிடாது.

சட்டம் மாறும் வரையில் குடும்பத்தார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வட்டி வேண்டாதவர் பாங்கியில் நடப்புக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு வட்டி கிடையாது, பணம் பத்திரமாக இருக்கும். மற்றப் பாங்கிக் கணக்குகளைப் போலவே அதற்கும், 2020-இல் ஐந்து லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்ட டிபாசிட்டு இன்ஷூரன்ஸ் உண்டு. மார்க்கத்தின் பெயரையோ, சாமியின் பெயரையோ, தேசத்தின் பெயரையோ பலகையில் எழுதி வைத்துக்கொண்டு பணம் கேட்க வருகிறவரிடம், "ரிஸர்வ் பாங்கியிலோ செபியிலோ பதிவு செய்திருக்கிறீர்களா? காகிதத்தைக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். அவர் கோபித்துக்கொண்டால் பணம் பிழைத்தது என்று சந்தோஷப்படலாம். முஸ்லிம் வீடானாலும் ஹிந்து வீடானாலும் கிறிஸ்தவ வீடானாலும், வியர்வை சிந்திச் சேர்த்த காசுக்குக் காவல் ஒன்றாகவே இருக்க வேண்டும். அந்தக் காவலை எல்லாருக்கும் எட்டும்படி அமைப்பது சுதந்திர ராஜ்யத்தின் கடமை.